அளந்து கொடுத்த தண்ணீர்

மார்ச் 4

அக்கா,

போனில் அவர் பேச்சை எடுத்ததும் வைத்துவிட்டாய். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். கிழிப்பதானாலும் முழுதாகப் படித்துவிட்டுக் கிழி.

மாமா எங்கள் வார்டில் இருக்கிறார். இதயநோய் வார்டுக்கு யாராவது மூச்சுத் திணறிக்கொண்டு வராத நாள் கிடையாது. அப்படித்தான் அவரும் வந்திருக்கிறார். யாரோ சரக்கு லாரியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். நான் வேலைக்கு வந்தபோது ஜன்னலோரப் படுக்கையில் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், அதற்குக் கீழே நரைத்த தாடி. நான் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன்; எங்களுக்கு அதுதான் பழக்கம். இரண்டு காலும் முழங்கால் வரை வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. வலது பாதம் மட்டும் சில்லிட்டிருந்தது. அங்கே நாடி கிடைக்கிறதா என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது. "என்ன மாப்ளே, காலைத் தொட்டுக் கும்பிடறியா?"

அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

இதயம் மிகவும் பலவீனம். வலது காலுக்கு இறங்கும் ரத்தக்குழாய் அடைத்துப் போயிருக்கிறது. உறவா என்று தலைமை நர்ஸ் கேட்டார். அக்கா வீட்டுக்காரர் என்றேன். அப்படியானால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். ஆனால் வேறு ஆள் எங்கே இருக்கிறது? பாதி நாள் நான்தான் பார்க்கிறேன்.

உன்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. பாப்பா எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். தெரியப்படுத்தத்தான் எழுதினேன், வேறொன்றுமில்லை.

உன் தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

படித்தேன். கிழிக்கவில்லை. அடுப்பு மேடையில் கிடக்கிறது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டிலிருந்து இறங்கினேன். பின்னாலேயே யாரும் வரவில்லை. அன்றைக்கே முடிந்துபோன விஷயம் அது. உனக்கு அது வேலை, நீ பார். யார் வந்தாலும் பார்க்கத்தானே சம்பளம் கொடுக்கிறார்கள். எனக்கு எதற்குச் சொல்கிறாய்?

உனக்கு அவர்மேல் ஒரு இது உண்டு என்று எனக்குத் தெரியும். நர்ஸ் வேலைக்கா படிக்கப் போகிறாய் என்று எல்லாரும் சிரித்தபோது உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டவர் அவர். முதல் நாளைக்கு வெள்ளை ஷூ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. வாசற்படிக்கு வெளியே அவரைப்போல் நல்ல மனிதர் கிடையாது. நான் வாசற்படிக்கு உள்ளே இருந்தவள்.

கண்ணாடிக் கடையில் வேலை அதிகம். லென்ஸ் தேய்க்கும் மிஷினுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறேன். இனி அவரைப் பற்றி எழுத வேண்டாம்.

அக்கா

மார்ச் 20

அக்கா,

வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். என்னால் இதை வேறு யாரிடமும் பேச முடியவில்லை.

வலது கால் விரல்கள் கறுக்க ஆரம்பித்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்கிறார் அறுவை டாக்டர். அந்த மயக்க மருந்தை இந்த இதயம் தாங்காது என்கிறார் இதய டாக்டர். இரண்டு பேரும் அவர் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசுகிறார்கள். அவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

எங்கள் வேலை தண்ணீரோடுதான். இதயம் இறைக்க முடியாமல் விடுகிற நீர் காலில் தேங்கும், பிறகு நுரையீரலுக்கு ஏறும். அதனால் குடிப்பதை அளந்து கொடுக்கிறோம், போவதை அளந்து எழுதுகிறோம், காலையில் எடை பார்க்கிறோம். ஒரே நாளில் எடை ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். "என்னை நிறுத்து விலைக்குப் போடப் போறியா மாப்ளே" என்று முதல் வாரம் வார்டையே சிரிக்க வைத்தார். இப்போது சிரிப்பு இல்லை. முகம் துடைக்கக் கொடுத்த ஈரத் துண்டை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் பிடுங்கினேன். "ஜெயில்லகூடத் தண்ணி குடுப்பாங்க" என்றார். நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

இன்னொன்று. கோபப்படாதே. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? வீட்டுக்கு அனுப்ப ஒரு விலாசம் கேட்டார்கள். அவருக்கென்று ஓர் இடமும் இல்லை. உன் விலாசத்தையும் கடை நம்பரையும் கொடுத்தேன். கட்டாயம் இல்லை. யோசித்துப் பார் என்றுதான்.

உன் தம்பி

மார்ச் 25

நேற்று கடைக்கு போன் வந்தது. முதலாளி எடுத்தார். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நிற்கிறார்கள். "உங்க வீட்டுக்காரரை எப்பக் கூட்டிட்டுப் போறீங்கன்னு ஆஸ்பத்திரியில கேக்கறாங்க" என்று அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார். வீட்டுக்காரர் இல்லை என்றுதான் இத்தனை வருஷமாக அந்தக் கடையில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கேட்காமல் என் விலாசத்தைக் கொடுக்க உனக்கு எப்படிக் கை வந்தது?

உன்னிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன்.

பாப்பா பிறந்து கொஞ்ச நாளில் என் இடது கால் வீங்கியது. தொடை வரைக்கும் தூண் மாதிரி. தரையில் ஊன்றினால் உயிர் போகும். அவரிடம் சொன்னேன். "பிள்ளை பெத்தா எல்லாருக்கும் வீங்கும், வேலைக்கு டிமிக்கி குடுக்காதே" என்றார். மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சமைத்தேன். ஒருநாள் மூச்சு வாங்கி நான் கீழே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரிதான் வண்டி பிடித்துக் கூட்டிப் போனாள். உள் நரம்பில் ரத்தம் உறைந்திருக்கிறது, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் குழந்தைக்குத் தாய் இருந்திருக்க மாட்டாள் என்றார்கள். சாயங்காலம் அவர் வந்தார். நர்ஸ்களோடு கேலி பேசினார். எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். "உங்களுக்கு எவ்வளவு நல்ல வீட்டுக்காரர்" என்று ஒரு நர்ஸ் என்னிடமே சொன்னாள்.

நீ அப்போது நர்ஸ் படிப்பில் முதல் வருஷம். லீவுக்கு வந்தாய். அன்றிலிருந்து இன்று வரை என் இடது காலில், வீக்கம் இறங்க டாக்டர் போடச் சொன்ன தடித்த நீளக் காலுறை இருக்கிறது. எந்த வெயிலிலும் கழற்றியதில்லை. நீ வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, என் கையால் சாப்பிட்டு, என் வீட்டில் படுத்து எழுந்து போகிறாய். யார் யார் காலையோ அழுத்திப் பார்க்கிறாய். ஒரு காலில் மட்டும் எதற்கு உறை என்று என்னை ஒருநாள் கேட்டிருக்கிறாயா?

விலாசத்தை எடு.

ஏப்ரல் 2

அக்கா,

விலாசத்தை எடுத்துவிட்டேன். இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

உன் கடிதத்தை வார்டின் மருந்து அறையில் நின்று படித்தேன். அதன் பிறகு அன்றைக்கு நான் பார்த்த வேலை ஒன்றும் நினைவில்லை. அந்தக் காலுறையை நான் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்பதுதான் இப்போது தாங்கவில்லை. குளிருக்கோ வழக்கத்துக்கோ போடுகிறாய் என்று நினைத்தேன் என்று எழுதப் பார்த்தேன், அதுகூடப் பொய். நான் எதுவுமே நினைக்கவில்லை.

கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பாகியிருக்கிறதா? அரிப்பு உண்டா? சாயங்காலம் வீக்கம் கூடுகிறதா? புண் ஏதாவது இருக்கிறதா? தயவுசெய்து எழுது.

அவர் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்டர்களும் வற்புறுத்தவில்லை. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மருத்துவம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். போக இடமில்லாதவரை எங்கே அனுப்புவது? என் அறைக்குக் கூட்டிப் போகலாமென்று இருக்கிறேன்.

அவரிடம் கேட்டேன் அக்கா. கட்டுப் பிரித்துக்கொண்டே, உன் கால் வீங்கியபோது அவருக்கு ஏன் தெரியாமல் போனது என்று கேட்டேன். "அதெல்லாம் அப்ப எனக்கு என்ன தெரியும் மாப்ளே" என்றார். நான் அடுத்த காலைத் துடைக்க ஆரம்பித்த பிறகு அவராகவே சொன்னார். "தெரிஞ்சுது. ஆஸ்பத்திரின்னு போயிட்டா வீட்ல யாரு பாக்கறதுன்னு இருந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார்.

உன் தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

உன்னை யார் கேட்கச் சொன்னது?

அவருக்குத் தெரியாது என்றுதான் நான் இத்தனை வருஷமும் வைத்துக்கொண்டிருந்தேன். விவரமில்லாத மனிதர், ஆம்பிளை, அவருக்கு என்ன புரியும் என்று. அப்படி வைத்துக்கொண்டால்தான் அந்த வீட்டில் நான் இருந்த வருஷங்களை நினைத்துப் பார்க்க முடியும். பாப்பா அவரைப்பற்றிக் கேட்டால் பதில் சொல்ல முடியும். அதையும் பிடுங்கி எடுத்து ஒரு கவரில் போட்டு எனக்கே அனுப்பிவிட்டாய்.

நீ கேட்ட மற்றதற்கெல்லாம் பதில் எழுத மாட்டேன். நான் உன் பேஷன்ட் இல்லை.

அவரை உன் அறையில் வைத்துக்கொண்டு வேலைக்கு எப்படிப் போவாய்? ஒரு ஆள் படுக்கிற அறை அது. நீ எங்கே படுப்பாய்? நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 24

அக்கா,

வந்துவிட்டார். மாடி ஏற முடியாது என்பதால் நாற்காலியில் உட்கார வைத்து நானும் வார்டு நண்பன் ஒருவனும் தூக்கி வந்தோம். கட்டில் அவருக்கு, தரை எனக்கு. ஆனால் கட்டிலில் அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் எங்கள் வார்டில் முன்பு வேலை பார்த்த ஆயாம்மா வந்து இருக்கிறார். எவ்வளவு தண்ணீர், எப்போது மாத்திரை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பாதத்துக்குக் காலையும் மாலையும் கட்டு மாற்றுகிறேன். நாற்றம் அறையை விட்டுப் போவதில்லை. கீழ் வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனார். மாமாவின் முதுகைத் துடைக்கிறேன், அழுந்திப் புண்ணாகாமல் பார்க்கிறேன், குதிகாலுக்குக் கீழே துணி சுருட்டி வைக்கிறேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே இந்த மனிதரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்று தோன்றும். கைக்கு அது தெரியவில்லை. அது பாட்டுக்கு இதமாகத்தான் துடைக்கிறது. சில நாள் என் கையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நீ வருவாயா என்று ஒருமுறை கேட்டார். வரமாட்டாள் என்றேன். சரி என்றார்.

உன்னை வரச்சொல்லி எழுதவில்லை. நீ வர வேண்டாம். எனக்கு அலுப்பாக இருக்கிறது, அதைச் சொல்லவே எழுதினேன்.

உன் தம்பி

மே 6

அக்கா,

நேற்று நான் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு பெண் வந்து மத்தியானம் முழுக்க இருந்துவிட்டுப் போனதாக ஆயாம்மா சொன்னார். யார் என்று சொல்லவில்லையாம். ஒரு காலில் மட்டும் உறை போட்டிருந்ததாம்.

வந்தாய், சரி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் விடு. கூஜாவில் இருந்த தண்ணீரை முழுக்க அவருக்குக் கொடுத்திருக்கிறாய். கொடுக்கக் கூடாதும்மா என்று ஆயாம்மா சொல்லியும் கொடுத்திருக்கிறாய். சுவரில் என் கையெழுத்தில் அவ்வளவு பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். ராத்திரி அவர் நெஞ்சில் தண்ணீர் கொதிக்கிற மாதிரிச் சத்தம். ஊசி போட்டேன். முன்னால் குனிய வைத்து முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாய் காய்ந்து கெஞ்சுகிற மனிதரிடம் இல்லை இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியுமா? இத்தனை நாள் நான் கெட்டவனாக இருந்து காப்பாற்றியதை நீ ஒரு மத்தியானத்தில் வந்து கலைத்துவிட்டாய். அவர்மேல் உனக்கு ஆத்திரம் இருக்கும். அதை இப்படியா காட்டுவது?

தம்பி

மே 9

அக்கா,

மாமா நேற்று மத்தியானம் இறந்துவிட்டார். எனக்கு லீவு நாள். பக்கத்தில்தான் இருந்தேன். காய்ச்சல் ஏறி, இரண்டு நாளாக நினைவு தப்பித் தப்பி இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். ஆக வேண்டியதையெல்லாம் இன்று காலை நானே முடித்துவிட்டேன்.

மூன்று நாளைக்கு முன்னால் உனக்கு ஒரு கடிதம் போட்டேன். அது வந்தால் பிரிக்காமல் கிழித்துவிடு.

தம்பி

மே 14

தம்பிக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. எது முன்னால் எழுதியது என்று தெரியாமல் கிழிக்கச் சொன்னதைத்தான் முதலில் பிரித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் தண்ணீர் கொடுக்க வரவில்லை. "தெரிஞ்சுது" என்று அவர் சொன்னதாக நீ எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், பிறகு என்ன சொல்வார் பார்க்கலாம் என்று வந்தேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் என்னவென்று ஆரம்பிப்பது, அவர் என்ன சொன்னால் நான் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

உள்ளே வந்தால் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதர், தோள் எலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு நிற்கிறது. என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்திருப்பார் போல. "தண்ணி" என்றார். ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் ஆளைத் தெரிந்தது. "நீயா" என்றார். நான் நின்றேன். சொல்வார் சொல்வார் என்று நின்றுகொண்டே இருந்தேன். அவர் டம்ளரை மறுபடியும் நீட்டினார்.

ஆயாம்மா வேண்டாம் என்றார். சுவரில் நீ எழுதியிருந்ததையும் படித்தேன். ஊற்றினேன். மறுபடி கேட்டார், மறுபடி ஊற்றினேன். கூஜா காலியாகும் வரை நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

பாவம் என்று கொடுத்தேனா, குடித்துத் தொலை என்று கொடுத்தேனா என்று நீ கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நேரம் ஒவ்வொரு பதில் வருகிறது.

அந்தத் தண்ணீர்தான் அவரைக் கொன்றதா? நீ நர்ஸ், உனக்குத் தெரியும். தம்பியாக எனக்கு ஆறுதல் எழுதாதே. உள்ளதை எழுது.

அக்கா

மே 19

அக்கா,

உள்ளதை எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீர் அவருக்கு ஒரு ராத்திரியைக் கஷ்டமாக்கியது. அது உண்மை. மருந்து கொடுத்த பிறகு விடிவதற்குள் நெஞ்சுச் சத்தம் அடங்கிவிட்டது. அதுவும் உண்மை. அவரைக் கொண்டுபோனது கால். அழுகல் மேலே ஏறி ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது. நீ வருவதற்கு முந்தின நாளே காய்ச்சல் ஆரம்பித்துவிட்டது, அதை உனக்கு எழுதிய கோபக் கடிதத்தில் நான் சொல்லவில்லை. ஏற்கெனவே களைத்திருந்த இதயம் அதைத் தாங்கவில்லை. இதெல்லாம் நடக்கும் என்று ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நான் ஏன் தண்ணீரை அளந்தேன்? அளக்காவிட்டால் எனக்கு அந்த அறையில் செய்வதற்கு வேலை ஒன்றும் இருந்திருக்காது. வாய் காய்ந்தவருக்குக் கடைசியில் தாராளமாகக் கொடுக்கச் சொல்கிற டாக்டர்களும் உண்டு. நான் கேட்கவே இல்லை.

நீ போன பிறகு என்னிடம் அவர் சொன்னது இதுதான். "உங்க அக்கா வந்தா." என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை. தண்ணி குடுத்தா." வேறு எதுவும் சொல்லவில்லை.

அக்கா, நாங்கள் எப்போதும் சொல்கிற ஒன்று இருக்கிறது. செத்துப்போனவருடைய மனைவியோ மகளோ வந்து நின்று கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்பார்கள். உங்களைத்தான் கேட்டார், உங்களை நினைத்து வருத்தப்பட்டார் என்போம். நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முகம் கொஞ்சம் தெளியும். உனக்கும் அப்படி ஒரு வரி எழுதலாம் என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அக்கா. என்னிடமும் கேட்கவில்லை, நினைவு தப்பியபோது உளறியதிலும் அப்படி ஒரு வார்த்தை வரவில்லை. இதற்கு மேல் உனக்கு நான் ஒன்றும் மறைக்கப் போவதில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன். உன் காலைப் பார்க்க வேண்டும். அவருக்கு அடைத்தது காலுக்கு இறங்குகிற ரத்தம். உனக்குத் தேங்குவது காலிலிருந்து திரும்புகிற ரத்தம். அது வேறு, இது வேறு. கவனித்தால் உன் கால் அப்படி ஆகாது. நீ வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன்.

தம்பி

மே 23

தம்பி,

பாப்பாவிடம் சொன்னேன். "நான் அழணுமாம்மா?" என்று கேட்டாள். உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி இரு என்றேன். போய்ப் பாடம் எழுதினாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். நான் கதவைத் தட்டவில்லை. இவளுக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டாயே, அது போதும்.

நேற்று கதவைச் சாத்திவிட்டுக் காலுறையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். நீ கேட்டிருந்தாய் இல்லையா. கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பாகத்தான் இருக்கிறது. உள்பக்கம் ஒரு புண்ணும் இருக்கிறது. மழைக்காலத்திலிருந்து இருக்கிறது. பவுடர் போட்டுத் துணி வைத்து மேலே உறையை இழுத்துவிட்டுக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆறும் ஆறும் என்று பார்த்தேன். பெரிதாகிறது.

சனிக்கிழமை வா. வேறு எதுவும் வாங்கி வராதே, கட்டுப் போடுகிற சாமான்களை மட்டும் கொண்டுவா. கடைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

ரொம்ப வலிக்கிறதுடா.

அக்கா